சரிவு எங்கள் பக்கமே இருக்கட்டும்

கோமளத்துக்கு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மார்க் போடும் பழக்கம் உண்டு. ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறவள். கவுன்சிலர் துஷார் ஹால்தார் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோதே, அவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று முடிவு செய்துவிட்டாள். அதில் பத்து, செருப்பைக் கழற்றியதற்கு.

"பிஷு தா இருக்காரா? எங்க, நம்ம பிஷு தா?" என்று வங்காளத்தில் குழைந்துகொண்டே உள்ளே வந்தார் ஹால்தார்.

அந்த அழைப்பிலேயே அவள் புருஷர் விஸ்வநாதனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, லேக் கார்டன்ஸில் துண்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, தலை நரைத்த பிறகும் அவர் இந்தத் தெருவுக்கு 'மாத்ராஜி பாபு'தான், மதராஸ்காரர். மீன்காரன் அப்படித்தான் கூப்பிடுவான், இந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை என்று தெரிந்தும். பல் டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். தங்கள் ஆள் என்றால்தான் வங்காளிகள் பெயரைச் சுருக்கி, 'தாதா' அதாவது அண்ணன் என்பதையும் சுருக்கி, 'தா' போடுவார்கள். அந்த 'தா'வுக்காக மனுஷர் எத்தனை வருஷம் ஏங்கினார் என்பது கோமளத்துக்குத் தெரியும். அது ஹால்தாருக்கும் தெரிந்திருந்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். மாநகராட்சி இந்தத் தெருவை அழகுபடுத்தப் போகிறது. புது ரோடு, திறந்த சாக்கடைக்கு மூடி, மூடிமேல் வண்ணக்கல் பதித்த நடைபாதை, மூன்று கிளை விட்ட விளக்குகள், தெருமுனையில் ஒரு சிற்பம். எல்லாம் துர்கா பூஜைக்கு முன்னால் முடிய வேண்டும். தெருவாசிகள் கமிட்டி ஒன்று வேண்டும். தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம், ஹால்தார்தான். துணைத் தலைவராக பிஷு தாவைத் தவிர வேறு யாரையும் அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லையாம். நேற்றுவரை பிஷு தா என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை என்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பழைய ரோடைச் சுரண்டி எடுத்துட்டுப் போடுவீங்களா, இல்ல அது மேலேயே தாரைக் கொட்டுவீங்களா?" என்று கேட்டாள் கோமளம். நாற்பது வருஷத்து வங்காளம். அதில் கணக்கு டீச்சர் கண்டிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. வீடு கட்டிய புதிதில் தெருவிலிருந்து வராந்தாவுக்கு நாலு படி ஏற வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருமுறை தார்மேல் தார், அதன்மேல் தார் என்று கொட்டிக் கொட்டி ரோடு வளர்ந்ததே தவிர, வீடு வளரவில்லை. இப்போது ஒரே ஒரு படி பாக்கி. அதுவும் போனால் மழைத்தண்ணீர் நேராக முன்னறைக்கு வரும். தண்ணீர் வந்தால் யார் வருவான் என்பதும் அவளுக்குத் தெரியும். பக்கத்து மனையை வாங்கி, வீட்டை இடித்து, தகரம் அடித்து வைத்திருக்கும் புரமோட்டர் பல்டு சாஹா வருவான். "வீட்டைக் குடுங்க பௌதி, அஞ்சாவது மாடியில் ஃப்ளாட் தரேன்" என்பான், பௌதி, அதாவது அண்ணி என்று உறவு கொண்டாடி. அவனிடம் அப்படிக் கொடுத்தவர்கள் இன்றைக்கும் கரியாவில் வாடகை அறையில் உட்கார்ந்து அஞ்சாவது மாடியைக் கனவு கண்டுகொண்டிருக்கிறார்கள். கோமளத்துக்கு அந்தக் கனவு வேண்டாம். தன் வீடு, தன் முன்னறை, தன் பெஞ்சு. உயிர் இருக்கிற வரை அங்கேதான்.

"மெஷின் வச்சுச் சுரண்டிட்டுத்தான் பௌதி!" என்றார் ஹால்தார், தான் கொண்டுவந்த சந்தேஷைத் தானே வாயில் போட்டுக்கொண்டு. கோமளம் இரண்டு மார்க் குறைத்தாள்.

கமிட்டிக் கூட்டம் எதிர்ப்பக்கத்துக் கிளப்பில் நடந்தது. பகலில் கேரம், மாலையில் அரசியல், பூஜைக்கு வசூல், இவ்வளவுக்கும் அந்த ஒரே அறை. ஆண்கள் முன்னால் நாற்காலிகளில், பெண்கள் பின்னால் பெஞ்சில். மாநகராட்சியிலிருந்து ஒரு எஞ்சினீயர் வந்திருந்தான். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. புது ரோடு நடுவில் மேடாக இருக்காது. ஒரு பக்கம் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பக்கம் போய் மூடிய சாக்கடைக்குள் இறங்கும். எந்தப் பக்கம் சரிக்கட்டும்?

அறை கப்சிப் என்றாயிற்று. கிளப் இருக்கும் பக்கத்துக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். கோமளத்தின் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டீக் கோப்பைகளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் தெருவில் கெட்ட பெயர். திறக்காவிட்டால் வீட்டில் தண்ணீர். கெட்ட பெயருக்குப் பயந்தவர்களே அங்கே அதிகம்.

"துணைத் தலைவர் என்ன சொல்றார்?" என்றார் ஹால்தார் தேனொழுக. "பிஷு தா சொன்னா அதுக்கு மேல பேச்சு ஏது?"

விஸ்வநாதன் எழுந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து கொடுக்கிற ஜாதி அவர். இந்த ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை தகராறு செய்ததில்லை என்பதை மெடல் மாதிரிக் குத்திக்கொண்டு திரிகிறவர். வேற்றூர் வந்து பிழைக்கிறவன் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். வந்து நாற்பது வருஷம் ஆகியும் அவருக்கு அது வேற்றூர்தான்.

"டீக் ஆச்சே," என்றார். சரி, பரவாயில்லை. "சரிவு எங்கள் பக்கமே இருக்கட்டும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. யாரோ பிஷு தா ஜிந்தாபாத் என்றார்கள். கோமளம் எழுந்து, "ஒரு நிமிஷம், எங்க வீட்டுக்கு ஒரே ஒரு படிதான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு கை அவள் கையில் சிங்காடாச் சமோசாத் தட்டைத் திணித்தது, நாற்காலிகள் கிறீச்சிட்டன, எஞ்சினீயர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் விளக்கைக்கூடப் போடவில்லை.

"ஏன்னா, உங்களுக்கு மூளை இருக்கா? தண்ணியை ஆத்துக்குள்ள வான்னு வெத்தலை பாக்கு வச்சு அழைச்சுட்டு வந்திருக்கேளே!"

"எல்லாரும் என் வாயையே பாத்துண்டிருந்தா கோமளம். என்ன சொல்லச் சொல்றே?"

"முடியாதுன்னு சொல்றது. ஒரே வார்த்தை. வங்காளத்துல தெரியாட்டா என்னைக் கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே."

"சாக்கடைதான் இருக்கே, தண்ணி அதுல போயிடும். சுரண்டித்தானே போடறா. அவரே சொன்னார்."

அன்றைக்குக் கோமளம் தன் புருஷனுக்குப் போட்ட மார்க்கை இங்கே சொல்ல வேண்டாம்.

ரோடு போட ஆள் வந்தது. தார் வந்தது, ஜல்லி வந்தது, உருளை வந்தது. சுரண்டுகிற மெஷின் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, அது அலிப்பூரில் பெரிய மனிதர்கள் தெருவில் இருக்கிறது என்றான் மேஸ்திரி. கொதிக்கிற தார் பழைய தார்மேல் மெத்தென்று படுத்துக்கொண்டது. கடைசிப் படி கண்ணுக்கு முன்னால் காணாமல் போயிற்று. விஸ்வநாதன் ஹால்தாருக்கு மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் "தாதா மீட்டிங்கில் இருக்கார்" என்று யாரோ சொன்னார்கள். நாலாவது தடவை அவருக்கே சங்கடமாக இருந்ததால் செய்யவில்லை.

பிறகு சாக்கடையை மூடினார்கள். தண்ணீர் உள்ளே இறங்க அங்கங்கே விட்ட ஓட்டைகளை வண்ணக்கல் பதிக்க வந்தவர்கள் அழகாக மூடினார்கள், கல்லின் டிசைன் கெட்டுவிடக் கூடாது என்று. தெருமுனையில் இருந்த குடிநீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டு அங்கே ஃபைபரில் செய்த ஒரு கொக்கை நிறுத்தினார்கள். அதுதான் சிற்பம். ஒற்றைக் காலில் நின்று, தண்ணீர் வந்த குழாய் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பல்பு இருந்ததால் மாலையில் அதன் வயிறு ஊதா நிறத்தில் எரிந்தது. தெருவே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

பல்டு சாஹா ஒரு நாள் வேலியோரம் நின்று, கோமளத்திடம் தானாகவே எல்லாம் சொன்னான். ஒளித்துவைக்க வேண்டிய அவசியம்கூட அவனுக்கு இல்லை.

"தெரு குறுகலா இருந்தா மூணு மாடிக்கு மேல கட்ட விடமாட்டாங்க பௌதி. இப்ப சாக்கடையை மூடி அதுமேல கல்லு போட்டாச்சா, அதுவும் தெருதான். தெரு அகலமாயிடுச்சு! அஞ்சு மாடி கட்டலாம். உங்க மனையும் சேர்ந்தா லிஃப்ட்டே வச்சுடலாம்."

"அப்ப இது எங்களுக்காகப் போட்ட நடைபாதை இல்ல."

"நடக்கலாமே, யார் வேணாம்னாங்க?" என்று சிரித்தான் பல்டு. அவன் முகத்தில் கபடமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெட்கப்படக்கூடத் தெரியாத ஜன்மங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

திறப்பு விழா மகாளய அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கிளப் வாசலில், அதாவது மேட்டுப் பக்கத்தில், மேடை. கல்வெட்டு மட்டும் கோமளத்தின் மதில் சுவரில் பதித்திருந்தார்கள். ஹால்தாரின் பெயர் பெரிசாக, அதற்குக் கீழே துணைத் தலைவர் விஸ்வநாதன். சுவரைக் கொத்த யாரைக் கேட்டார்கள் என்றால், துணைத் தலைவரைத்தான். டீக் ஆச்சே என்றிருப்பார்.

வரவேற்புப் பாட்டு முடிவதற்குள் வானம் கறுத்தது. ஹால்தார் பேச ஆரம்பித்தபோது கொட்டத் தொடங்கியது. பந்தல் இருந்ததால் பேச்சு நிற்கவில்லை. தெரு முழுவதும் விழுந்த தண்ணீர், சொன்ன சொல் தவறாமல், துணைத் தலைவர் வீட்டுப் பக்கம் சரிந்து ஓடியது. சாக்கடையில் இறங்க வழியில்லாமல் வண்ணக்கல்மேல் ஏறி, கேட்டுக்குள் நுழைந்து, வராந்தாவைக் கடந்து முன்னறைக்குப் போயிற்று. பெண்கள் வரிசையில் இருந்த கோமளம் ஓடினாள். அரிசி டின்னை அடுப்பு மேடையில் ஏற்றினாள், கட்டில்மேல் மெத்தையைச் சுருட்டி வைத்தாள். பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் மிதந்தன. அங்கிருந்து பார்த்தால் மேடை தெரிந்தது. கழுத்தில் பட்டு உத்தரீயத்தோடு அவள் புருஷர், நனையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

கோமளத்துக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஹால்தார் பேசி முடித்ததும், முழங்கால் வரை புடவை ஈரத்தோடு மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள். "துணைத் தலைவர் வீட்டு வாசல் வரை வந்துட்டு கவுன்சிலர் காபி குடிக்காம போனா எங்களுக்கு அவமரியாதை," என்றாள். "எல்லாரும் பார்க்கட்டும். வாங்க தாதா. எங்க ஊர் காபி."

கூட்டம் ஹால்தாரைப் பார்த்தது. மறுக்க முடியாது. மாத்ராஜி வீட்டுக் காபி என்றால் இந்தத் தெருவே நாக்கைத் தொங்கப் போடும். அதிலும் ஒரு வீட்டு அம்மாள் மைக்கில் கூப்பிட்டிருக்கிறாள். ஹால்தார் வெள்ளைப் பைஜாமாவோடு ரோட்டைக் கடந்தார், பின்னாலேயே விஸ்வநாதனும். கேட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றது. "செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க," என்றாள் கோமளம். விட்டார். அது மிதந்து கொக்கைப் பார்க்கப் போயிற்று.

முன்னறையில் பெஞ்சில் அவரை உட்காரவைத்தாள். எதிரில் விஸ்வநாதன். இரண்டு பேர் காலும் சாக்கடைத் தண்ணீரில். டபரா டம்ளரில் நுரை ததும்ப காபியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். ஜன்னலில் தெருவே எட்டிப் பார்த்தது. இப்போது பேசட்டும், இந்தத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அழகுபடுத்தலைப் பற்றிப் பேசட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் ஆயுசில் அத்தனை திருப்தியாக யாரையும் பெஞ்சில் உட்காரவைத்ததில்லை.

ஹால்தாரின் முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு ஜன்னலில் நீண்டிருந்த போன்களைப் பார்த்தார். அவ்வளவுதான். பைஜாமாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார். குனிந்து, மிதந்த ஒரு கணக்கு நோட்டை எடுத்து, கைக்குட்டையால் ஒற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மறு கையில் காபி. பக்கத்தில் கோமளத்தை இழுத்து நிறுத்தினார்.

"என் மக்கள் தண்ணியில நின்னா நானும் தண்ணியில நிப்பேன்!" என்றார் ஜன்னலைப் பார்த்து. குரல்கூடத் தழுதழுத்தது. கிளப் பையன்கள் கைதட்டினார்கள். அந்தப் பரீட்சைக்கு அந்த அறையில் படித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். கோமளத்தால் நூற்றுக்கு நூறு போடாமல் இருக்க முடியவில்லை.

போகும்போது விஸ்வநாதனின் தோளில் கைபோட்டு, "இது தாழ்வான மனை பிஷு தா, மாநகராட்சி என்ன செய்ய முடியும்? பல்டு நல்ல பையன். யோசிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சமியன்று தெருமுனையில், கொக்குக்கு மேலே, ஃப்ளெக்ஸ் பேனர் ஏறியது. இரண்டு ஆள் உயரம். ஹால்தார், நெஞ்சில் நோட்டு, கையில் டம்ளர். பக்கத்தில் கோமளம். பூஜை வாழ்த்துகளோடு, 'வெள்ளத்திலும் உங்களோடு' என்ற வாசகம். கரியாஹாட்டுக்குப் புடவை வாங்கப் போகிற ஜனமெல்லாம் அதன் கீழேதான் போக வேண்டும். "பௌதி, போட்டோவில் நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்க!" என்றாள் எதிர்வீட்டுப் பெண். கோமளத்துக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. ஹால்தார்மேல் மட்டுமல்ல, மைக்கைப் பிடித்த தன்மேலும்தான்.

விஸ்வநாதன் அன்றைக்கு முழுவதும், இன்னும் ஈரம் போகாத நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார். முக்கால்வாசியில் மை கரைந்துபோயிருந்தது.

"பல்டு கேட்டானா?" என்றாள் கோமளம்.

"கேட்டான். நாளைக்குக் காலம்பற வரானாம், பதில் வேணுமாம்."

"டீக் ஆச்சேன்னு சொல்லிடுங்கோ. உங்களுக்கு அதுதானே வரும்," என்றாள் அவள். அவர் அடுத்த நோட்டைப் பிரித்தார்.

ஷஷ்டியன்று காலையில் வானம் மறுபடியும் கறுத்தது. பந்தலில் மேளம் கொட்டத் தொடங்கியிருந்தது. புதுத்துணி உடுத்திய கூட்டம் தெருவில் நிறைந்திருந்தது. பல்டு சாஹா சிரித்துக்கொண்டே கேட்டருகில் காத்திருந்தான். முன்னறையிலிருந்து கோமளம் பார்த்தாள். விஸ்வநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஏணியோடு தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஏணியைக் கொக்கின் முதுகில் சாய்த்தார். ஏறினார். அம்மிக்கல்லில் தீட்டிய கத்தியால் பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஹால்தார் மடிந்து, சரிந்து, தொப்பென்று ரோட்டில் விழுந்தார். மேளம் நின்றுவிட்டது.

"பிஷு தா! என்ன பண்றீங்க? அது தாதாவோட பேனர்!" என்று கிளப் பையன்கள் ஓடிவந்தார்கள்.

அவர் ஏணியிலிருந்து இறங்கி, பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பல்டுவின் மனையோரம் கிடந்த மணல் மூட்டைகளில் ஒன்றை இழுத்தார். "ஐயோ, அது என் மூட்டை!" என்றான் பல்டு. அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்குக் குறுக்கே மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் பேனரைப் போர்த்தினார். கவுன்சிலரின் முகம் தெருப்பக்கம், தண்ணீர் வரும் பக்கம். முன்னறையிலிருந்து ஓடிவந்து கோமளம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது.

"பதில் கேட்டியே," என்றார் விஸ்வநாதன் பல்டுவிடம். "வீடு தர முடியாது. இனி கேட்காதே."

கூட்டம் கேட்டுக்கு எதிரில் திரண்டுவிட்டது. நேற்று வரை அவர் தோளில் கைபோட்டவர்கள்தான். அதில் ஒருவன், கமிட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து ஜிந்தாபாத் போட்டவன், விரலை நீட்டிக் கத்தினான்.

"ஏய் மாத்ராஜி! இந்தத் தெருவுல இருக்கணுமா வேணாமா உனக்கு?"

கோமளம் புருஷனின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். அந்த ஒரு 'தா'வுக்காக அவர் ஒரு ரோட்டையே சரித்துக் கொடுத்தவர்.

விஸ்வநாதன் மூட்டைமேல் இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கத்தியவனை நேராகப் பார்த்தார்.

"டீக் ஆச்சே," என்றார்.

மழை வலுத்தது. தெருத் தண்ணீர் சரிவில் ஓடிவந்து பேனரில் முட்டி நின்றது. கொஞ்சம் உள்ளே கசியத்தான் செய்தது. கோமளம் பழைய புடவையை அடியில் செருகினாள். செருகிக்கொண்டே, "ஏன்னா, அந்த ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடிங்கோ," என்றாள்.